சீட் புண்ணும் தொடைச் சிராய்ப்பும்: சைக்கிள் ஓட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொடர்ந்து சைக்கிள் மிதிப்பவர்களில் பெரும்பாலோருக்கு, உட்காரும் இடத்தில் தோல் உரிவதும் கட்டி கிளம்புவதும் என்றாவது ஒருநாள் நேர்ந்திருக்கும். முழங்கால் வலியைப் பற்றி எல்லோர் முன்னும் பேசுகிறவர்கள்கூட இதைப் பற்றி வாய் திறக்கக் கூச்சப்படுவதால், ஒருவர் பட்டுத் தெரிந்துகொண்டது இன்னொருவருக்குப் போய்ச் சேர்வதில்லை. களிம்பு, ஜெல் உறை, புதிய ஷார்ட்ஸ் என்று ஒவ்வொருவரும் முதலிலிருந்து காசைச் செலவழிக்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு சீட்டின் அளவிலும் அது பொருத்தப்பட்ட விதத்திலும் இருக்க, மருந்தைத் தோலில் தேடுகிறோம் என்பதே கீழுள்ள பதில்களின் அடிப்படை.

உட்காரும் இடத்தில் வரும் தொல்லைகள் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை, எது வந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் என்ன செய்வது என்று சொல்ல முடியும். முதலாவது சிராய்ப்பு. தொடையின் உட்புறத்திலும் தொடையிடுக்கிலும் தோலின் மேலடுக்கு தேய்ந்து, சிவந்து எரியும். பலருக்கு வீடு திரும்பிக் குளிக்கும்போது தண்ணீர் பட்ட பிறகுதான் இது தெரியவரும். இரண்டாவது மயிர்க்கால் அழற்சி. முடி முளைக்கும் துளையில் வியர்வையும் அழுக்கும் அடைத்துக்கொள்ள, நுனியில் வெள்ளை தெரியும் சிறு கொப்புளங்கள் கிளம்பும். மூன்றாவது, அதே மயிர்க்காலின் ஆழத்தில் ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் பெருகுவதால் வரும் சீழ்க்கட்டி. உட்கார்ந்தால் உயிர் போகும் வலி இதற்குத்தான் உண்டு. நான்காவது, பிட்டத்தின் அடியில் சீட்டைத் தொடும் இரண்டு எலும்பு முனைகளுக்கு நேராகத் தோல் கன்றிச் சிவக்கும் அழுத்தப் புண்.

இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று படர்தாமரை. அது பூஞ்சைத் தொற்று. எரிச்சலைவிட அரிப்பு மிகுதியாக இருப்பதும், ஓரம் சற்றுத் தடித்து வளையமாகப் பரவுவதும் அதன் அடையாளங்கள். தொடையிடுக்கின் ஈரம் இதற்கு உகந்த இடம் என்பதால் சிராய்ப்பும் படர்தாமரையும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் உண்டு.

ஒரே தூரம் ஓட்டுகிறோம்; எனக்கு மட்டும் ஏன் வருகிறது?

அழுத்தம், உராய்வு, ஈரம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேரும்போதுதான் தோல் தோற்கிறது. உங்கள் நண்பருக்கு அவருடைய சீட் எலும்பைச் சரியாகத் தாங்குவதாக இருக்கலாம். உங்களுடையது எலும்பை விட்டுவிட்டு அருகிலுள்ள தசையை அழுத்துவதாக இருக்கலாம். கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரப்பதம் மிகுந்திருப்பதால் வியர்வை உலர்வதில்லை. மணிக்கணக்கில் ஊறிய தோல் மென்மையாகி எளிதில் உரியும். ஓரளவு உலர்ந்த வியர்வை விட்டுச்செல்லும் உப்புத்துகளோ, துணிக்கும் தோலுக்கும் நடுவில் உப்புத்தாளைப் போல வேலை செய்யும்.

சாலையின் தன்மையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து மாமல்லபுரம் வழியாகப் புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை பெரும்பாலும் சமதளம். எழுந்து நின்று மிதிக்க வேண்டிய தேவையே வராததால், ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தபடி இரண்டு மூன்று மணி நேரம் கழிந்துவிடுகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையில் ஏறுகிறவர் கால் வலியால் துவண்டாலும், வளைவுதோறும் எழுந்து மிதிப்பதால் தோலுக்கு இளைப்பாறல் கிடைத்துவிடுகிறது. சமதளத்தில் ஓட்டுகிறவர் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது பெடலில் எழுந்து நின்று, இரத்தம் திரும்பப் பாயச் சில நொடிகள் இடம் கொடுப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள் டிரெயினரில், அதாவது சைக்கிளை ஒரே இடத்தில் நிறுத்திவைத்து மிதிக்க உதவும் கருவியில், மிதிப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். அங்கே சைக்கிள் அசைவதே இல்லை, எதிர்க்காற்றும் கிடையாது. நல்ல மின்விசிறி ஒன்றை நேராக வைத்துக்கொள்வது விலையுயர்ந்த களிம்பைவிடப் பயன் தரும்.

புதிதாக ஓட்டத் தொடங்கியிருக்கிறேன். வலி இருப்பது இயல்பா?

முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எலும்பு படும் இடத்தில் மந்தமான வலி இருப்பது இயல்பு. பழகப் பழகக் குறைந்துவிடும். தோல் உரிவது, கட்டி வருவது, மரத்துப்போவது ஆகியவை பழகிப்போகும் வகையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றைப் பொறுத்துக்கொண்டு ஓட்டக் கூடாது.

சீட்டின் மேல் மெத்தென்ற ஜெல் உறை போட்டால் சரியாகிவிடாதா?

கடையில் கைவைத்து அழுத்திப் பார்த்தால் சுகமாகத்தான் இருக்கும். முக்கால் மணி நேர ஓட்டத்துக்குள் உண்மை தெரிந்துவிடும். எலும்பு முனைகள் மெத்தைக்குள் அமிழ, நடுவிலுள்ள மெத்தை மேலெழும்பி, மலவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடைப்பட்ட மென்மையான பகுதியை அழுத்தத் தொடங்கும். நரம்பும் இரத்தக் குழாயும் செல்லும் அந்தப் பகுதி உடல் எடையைத் தாங்குவதற்கானது அல்ல. போதாததற்கு, உறை சீட்டின் மேல் இப்படியும் அப்படியும் நகர்ந்து கூடுதல் உராய்வையும் உண்டாக்கும். சுருள்வில் வைத்த அகலமான சீட், முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து கடைத்தெருவுக்குப் போய்வரும் சைக்கிளுக்குப் பொருத்தமானது. முன்னே சாய்ந்து ஓட்டும் சைக்கிளில் அதே அகலம் தொடையின் உட்புறத்தைத் தேய்க்கும். நீண்ட தூரம் ஓட்டுகிறவருக்கு, சரியான அகலமுள்ள, ஓரளவு கெட்டியான சீட்டே நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை.

சரியான அகலத்தை வீட்டிலேயே அளக்க முடியுமா?

முடியும். நெளி அட்டைத் துண்டு ஒன்றைக் கெட்டியான முக்காலியின் மேலோ படிக்கட்டிலோ வைத்து, மெல்லிய உடையுடன் அதன் மேல் உட்கார்ந்து, ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் முன்னே சாய்ந்து, குதிகால்களைச் சற்றே உயர்த்துங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு பள்ளங்கள் தெரியும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையேயான தூரம் பெரும்பாலும் 10 முதல் 14 சென்டிமீட்டருக்குள் இருக்கும். அதோடு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் கூட்டினால், சாய்ந்து ஓட்டுகிறவருக்குத் தேவையான சீட்டின் அகலம் கிடைக்கும். நிமிர்ந்து உட்காருகிறவர் இன்னும் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். உடல் பருமனைக் கொண்டு இந்த அளவை ஊகிக்க முடியாது. ஒல்லியானவருக்கு அகன்ற எலும்பும், பருமனானவருக்குக் குறுகிய எலும்பும் இருப்பது சாதாரணம். சில நாள் ஓட்டிப் பார்த்துத் திருப்பித் தரச் சம்மதிக்கும் கடை கிடைத்தால், நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் அங்கேயே வாங்குங்கள்.

சீட் சரியான அளவுதான். ஆனாலும் தொடை உரிகிறது. வேறு எதைப் பார்ப்பது?

முதலில் உயரத்தைப் பாருங்கள். சீட் தேவைக்கு மேல் உயர்ந்திருந்தால், பெடல் கீழே போகும்போதெல்லாம் கால் எட்டாமல் இடுப்பு ஒரு பக்கம் சரியும். அடுத்த மிதியில் மறுபக்கம் சரியும். நிமிடத்துக்கு எண்பது சுற்று மிதிக்கிறவருடைய இடுப்பு ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான முறை இப்படி அசைவதை எந்தக் களிம்பாலும் ஈடுகட்ட முடியாது. சுவரில் சாய்ந்தபடி சைக்கிளில் ஏறி, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலை அதன் கீழ்நிலைக்குக் கொண்டுவாருங்கள். அந்த நிலையில் இடுப்பு சரியாமல் முழங்கால் நேராக நிற்க வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது தேவையான மடிப்பு தானாகவே அமைந்துவிடும். உங்களுக்குப் பின்னால் ஓட்டிவரும் நண்பரிடம் இடுப்பு ஆடுகிறதா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்பது இதைவிடவும் நம்பகமான சோதனை.

அடுத்தது சாய்வு. சீட்டைக் கிடைமட்டமாக வைத்துத் தொடங்குவதே முறை. ரசமட்டத்தை மேலே வைத்தோ கைப்பேசியிலுள்ள அளவியைக் கொண்டோ பார்க்கலாம். முனை மேலே தூக்கியிருந்தால் முன்பகுதி அழுந்தும். அந்த வலிக்குப் பயந்து முனையை மிகவும் கீழே இறக்கினால் உடல் முன்னே வழுக்கிக்கொண்டே இருக்கும். வழுக்கும் உடலைப் பின்னே தள்ளித் தள்ளி உட்காருவதில் தோல் உரிவதோடு, எடை முழுவதும் உள்ளங்கையில் இறங்கி மணிக்கட்டும் வலிக்கும். கிடைமட்டத்திலிருந்து இரண்டு மூன்று டிகிரி கீழ்நோக்கிய சாய்வு பலருக்கு ஒத்துவரும். ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருந்தாலும் உடல் சீட்டின் குறுகிய முனைக்கு நகர்ந்துவிடும். அப்போது எவ்வளவு அகலமான சீட் வாங்கினாலும் அதன் அகலத்தில் நீங்கள் உட்காரவே போவதில்லை.

எதை மாற்றினாலும் ஒருமுறைக்கு ஒன்றை மட்டும், இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு மாற்றி, சில நாள் ஓட்டிப் பாருங்கள். மாற்றுவதற்கு முன் பழைய நிலையை டேப் ஒட்டிக் குறித்துக்கொள்வது நல்லது.

புண் எப்போதும் ஒரே பக்கத்தில்தான் வருகிறது. ஏன்?

உடல் ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கிறது என்பதே அதற்குப் பொருள். சீட்டின் முனை சட்டத்துக்கு நேராக இல்லாமல் திரும்பியிருக்கலாம், ஷூவைப் பெடலோடு பூட்டும் கிளீட் என்ற அடிக்கட்டை இரு கால்களிலும் ஒன்றுபோல் பொருத்தப்படாமல் இருக்கலாம், பழைய சீட் ஒரு பக்கம் அமிழ்ந்துபோயிருக்கலாம், அல்லது இரு கால்களின் நீளத்தில் வேறுபாடு இருக்கலாம். முதல் மூன்றையும் நீங்களே சரிபார்க்கலாம்; கால் நீள வேறுபாட்டுக்கு இயன்முறை மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

பேட் (உட்புற மெத்தை) வைத்த ஷார்ட்ஸுக்கு உள்ளே ஜட்டி போடலாமா?

கூடாது. புதிதாக வாங்குகிறவர்களில் பலர் கூச்சத்தால் இதைச் செய்கிறார்கள். ஜட்டியின் தையல் விளிம்பு தொடையிடுக்கில்தான் வந்து விழும். பருத்தித் துணி வியர்வையை உறிஞ்சி அங்கேயே வைத்துக்கொள்ளும். பேட் தோலோடு நேரடியாக ஒட்டியிருக்கும்படியே அந்த ஷார்ட்ஸ் தைக்கப்படுகிறது. தளர்ந்த ஷார்ட்ஸில் பேட் நகர்ந்து தேய்க்கும் என்பதால், நிற்கும்போது சற்று இறுக்கமாகத் தோன்றும் அளவே சரி. தோளில் மாட்டும் பிப் ஷார்ட்ஸ், இடுப்பு நாடா இல்லாததாலும் பேட் இடம் மாறாததாலும் நெடுந்தூரத்துக்கு ஏற்றது. பேட் தடித்திருப்பதே தரம் என்று எண்ண வேண்டாம். ஜெல் உறைக்குச் சொன்னதெல்லாம் தடித்த பேடுக்கும் பொருந்தும்.

ஒருமுறை அணிந்ததைத் துவைக்காமல் மறுபடி அணியவே கூடாது. ஓட்டி முடித்தவுடன் கழற்றி, மிதமான சோப்பில் அலசி, பேட் வெளியே தெரியும்படி திருப்பிக் காயப்போடுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் சேர்த்தால், வியர்வையை வெளியே கடத்தும் தன்மையைத் துணி இழந்துவிடும். நாள்தோறும் ஓட்டுகிறவருக்குக் குறைந்தது இரண்டு ஷார்ட்ஸ் தேவை, மழைக்காலத்தில் மூன்று.

உராய்வைத் தடுக்க எந்தக் களிம்பு நல்லது? தேங்காய் எண்ணெய் போதுமா?

சைக்கிள் கடைகளில் விற்கும் க்ரீம், பெட்ரோலியம் ஜெல்லி, தேங்காய் எண்ணெய் மூன்றும் உராய்வைக் குறைக்கும். தேங்காய் எண்ணெய் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் போதும். அதற்குப் பின் ஷார்ட்ஸ் உறிஞ்சிவிடும். பெட்ரோலியம் ஜெல்லி நெடுநேரம் நிற்கும், ஆனால் பேடிலிருந்து துவைத்து நீக்குவது கடினம். மென்தால் கலந்து குளிர்ச்சி தரும் க்ரீம்களைச் சிலர் விரும்புகிறார்கள். உரிந்த தோலில் பட்டால் எரிச்சல் தாங்காது. டால்கம் பவுடரை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் வியர்வையில் அது கட்டிகட்டியாகத் திரண்டு தானே உராயத் தொடங்கும். எதைத் தடவினாலும் தொடை மடிப்பிலும் பேடின் ஓரம் படும் இடங்களிலும் தடவ வேண்டும்.

அந்த இடத்து முடியை மழிப்பது சுத்தத்துக்கு நல்லதல்லவா?

முடி தோலுக்கும் துணிக்கும் நடுவில் நின்று உராய்வைத் தாங்குகிறது. வியர்வை ஆவியாகவும் உதவுகிறது. மழித்தால் நுண்ணிய வெட்டுகள் உண்டாவதும், மீண்டும் முளைக்கும் முடி தோலுக்குள்ளேயே சுருண்டு கொப்புளமாவதும் எளிது. 2016 ரியோ ஒலிம்பிக்கிற்கு முன் பிரிட்டன் அணியின் வீராங்கனைகளுக்கு வந்த சீட் புண்களை ஆராய்ந்த நிபுணர்கள், மழிப்பதையும் மெழுகிட்டு நீக்குவதையும் நிறுத்தச் சொன்னார்கள். முடி நீளமாக இருப்பது தொல்லை என்றால் ட்ரிம்மரால் குறைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புண் வந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

சைக்கிளை நிறுத்தி வையுங்கள். இதைத்தான் யாரும் கேட்க விரும்புவதில்லை. சிறு கொப்புளமோ சிராய்ப்போ தெரிந்த அன்றே இரண்டு மூன்று நாள் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினால் அதுவே வாரக்கணக்கில் படுத்தும்.

சிராய்ப்பை மிதமான சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, தேய்க்காமல் ஒற்றி உலர்த்தி, ஜிங்க் ஆக்ஸைடு களிம்போ பெட்ரோலியம் ஜெல்லியோ மெல்லியதாகத் தடவுங்கள். இறுக்கமான உடையைத் தவிர்த்து, வீட்டில் வேட்டி, லுங்கி, தளர்ந்த பருத்தி ஆடை என்று காற்றுப் புகும்படி இருங்கள். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்ஸைடு, நீர்க்காத கிருமிநாசினி ஆகியவை புதிதாக வளரும் தோலையும் எரித்துவிடும். மஞ்சள் பூசும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு என்றாலும், சமையலறை மஞ்சள்தூள் கிருமி நீக்கப்பட்டதல்ல. திறந்த புண்ணில் அதை வைக்காமல் இருப்பதே நல்லது.

கட்டியாக இருந்தால், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியைப் பொறுக்கும் சூட்டில் பத்து நிமிடம் வைத்து ஒத்தடம் கொடுங்கள். நாளுக்கு மூன்று நான்கு முறை செய்யலாம். பெரும்பாலான சிறு கட்டிகள் தாமாகவே உடைந்து வடிந்துவிடும். நகத்தால் பிதுக்குவதும் ஊசியால் குத்துவதும் கிருமியை ஆழத்துக்குத் தள்ளும்.

மருந்துக்கடையில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கித் தடவலாமா?

மருந்துச் சீட்டு இல்லாமல் நம் ஊரில் கைக்கு எட்டும் க்ரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, நுண்ணுயிர்க்கொல்லி மூன்றும் கலந்திருக்கும். தடவிய மறுநாளே அரிப்பும் சிவப்பும் அடங்குவதால் நல்ல மருந்து என்ற பெயர் அதற்கு. உண்மையில் ஸ்டீராய்டு அழற்சியை மட்டும் அடக்க, பூஞ்சை அடியில் பரவிக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிதாக வரும், அடையாளமும் மாறிப்போயிருக்கும். தொடையிடுக்குத் தோல் ஏற்கெனவே மெல்லியது. அங்கே வாரக்கணக்கில் ஸ்டீராய்டு தடவினால் தோல் மேலும் மெலிந்து, நிரந்தர வரிகள் விழும். மருந்துக் கலவையில் ‘பீட்டாமெத்தாசோன்’, ‘குளோபெட்டசால்’ என்ற பெயர்கள் இருந்தால் மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

காய்ச்சல் வந்தாலோ, கட்டியைச் சுற்றிய சிவப்பு பரவினாலோ, மூன்று நான்கு நாளில் குறையாமல் வளர்ந்தாலோ உடனே போக வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. மலவாய்க்கு அருகில் கட்டியும், மலம் கழிக்கும்போது கடும் வலியும் இருந்தால், அது சைக்கிளால் வந்ததென்று நீங்களே முடிவுகட்டாமல் அறுவை மருத்துவரைப் பாருங்கள். பிறப்புறுப்பைச் சுற்றி வீங்கி, பார்ப்பதற்குத் தெரிவதைவிட வலி மிகக் கடுமையாகி, தோல் கருக்கத் தொடங்கினால் அது உயிருக்கு ஆபத்தான தொற்றாக இருக்கலாம். மணிக்கணக்கில்கூடத் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அதே இடத்தில் திரும்பத் திரும்பக் கட்டி வருவதும், அக்குளிலும் தொடையிடுக்கிலும் மாறிமாறி வருவதும் தோல் மருத்துவர் பார்க்க வேண்டியவை.

பந்தய வீரர்கள் புண்ணோடுதானே ஓட்டுகிறார்கள்?

ஓட்டியிருக்கிறார்கள்; அதன் விலையும் தெரிந்ததே. 1987 ஸ்பெயின் சுற்றுப் பந்தயத்தில் முன்னிலையில் இருந்த அயர்லாந்து வீரர் ஷான் கெல்லி, முடிவதற்குச் சில நாள் இருக்கும்போது சீட் புண்ணால் விலக நேர்ந்தது. மறு ஆண்டு அதே பந்தயத்தை வென்றார். 1989 பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தின் கடைசி நாள்களில், முன்னிலையில் இருந்த பிரெஞ்சு வீரர் லோரான் ஃபின்யோனுக்கு உட்கார முடியாத அளவு புண். பாரிஸில் முடிந்த இறுதி நாள் தனிநபர் நேர ஓட்டத்தில் அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்டிடம் முன்னிலையை இழந்து, மொத்தத்தில் 8 விநாடியில் தோற்றார். அந்தக் காலத்து வீரர்கள் ஷார்ட்ஸுக்குள் மாட்டிறைச்சித் துண்டை வைத்து ஓட்டினார்கள் என்றொரு கதை உண்டு. கேட்கச் சுவைதான், ஆனால் புண்ணின் மேல் பச்சை இறைச்சி வைப்பதை எந்த மருத்துவரும் ஒப்பமாட்டார்.

பிறப்புறுப்பு மரத்துப்போகிறது. அதுவும் இதே சேர்த்தியா?

தோலைச் சேர்ந்ததல்ல, நரம்பு அழுத்தம். அப்போதே எழுந்து நின்று மிதியுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் வந்தால், நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள சீட்டுக்கு மாறி, முனையின் சாய்வையும் சரிபாருங்கள். இறங்கிய பிறகும் மரப்பு நீடித்தால் மருத்துவரிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

பெண்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

பெண்களின் எலும்பு இடைவெளி சராசரியாகச் சற்று அகலம் என்றாலும், ‘பெண்களுக்கானது’ என்று எழுதியிருப்பதை நம்பாமல் அளந்தே வாங்க வேண்டும். முன்னே சாய்ந்து ஓட்டும்போது யோனி இதழ்களில் அழுத்தம் விழுந்து வீக்கம் வருவது அரிதல்ல. நடுத்திறப்புள்ள, முனை குறுகிய சீட் உதவும், எனினும் திறப்பின் விளிம்பே அழுத்துமானால் அந்த வடிவம் உங்களுக்கானது அல்ல. வீக்கம் ஒரு பக்கம் மட்டும் நீடித்தால் மகளிர் மருத்துவரிடம் காட்டுங்கள். மாதவிடாய் நாள்களில் நாப்கினின் ஓரம் தொடையைத் தேய்ப்பதால், மாதவிடாய்க் கோப்பை பலருக்கு வசதியாக இருக்கிறது.

ஆறிய பிறகு எப்போது மறுபடி ஓட்டலாம்?

தொட்டால் வலி இல்லாமல், தோல் முழுவதும் மூடியிருக்க வேண்டும். முதல் சில நாள் அரை மணி நேரத்தோடு நிறுத்துங்கள். வலியற்ற கெட்டியான முடிச்சு ஒன்று தோலுக்கடியில் மாதக்கணக்கில் தங்கினால், அது தொடர் அழுத்தத்தால் உண்டான தழும்புத் திசுவாக இருக்கலாம்; ஒருமுறை ஸ்கேன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

200 கிலோமீட்டர் பிரவே (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) ஓட்டப் போகிறேன். என்ன ஆயத்தம் தேவை?

பதின்மூன்றரை மணி நேர வரம்புள்ள அந்த ஓட்டத்தில் புதிய சீட்டையோ புதிய ஷார்ட்ஸையோ முதன்முறையாகச் சோதிக்காதீர்கள். சிறு டப்பாவில் களிம்பு எடுத்துக்கொண்டு, பாதி வழியில் வருகையைப் பதிவுசெய்யும் கட்டுப்பாட்டு நிலையத்தில் ஈரத் துடைப்பானால் உப்பைத் துடைத்து, உலரவிட்டு, மறுபடி தடவுங்கள். மழையில் நனைந்தால் சக்கரம் வாரியிறைக்கும் மணல் ஷார்ட்ஸில் ஒட்டும் என்பதால் பின்பக்க மட்கார்டு போடுவது பயன்படும். 400, 600 கிலோமீட்டர் ஓட்டங்களுக்கு மாற்று ஷார்ட்ஸ் ஒன்று பையில் இருக்கட்டும். முடித்த பிறகு அதே ஈர ஷார்ட்ஸோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் கதை பேசிச் சாப்பிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது; ஷார்ட்ஸை மாற்றிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.